எழுத்தில் ஐந்து, செவியில் மூன்று

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவர் எல்லோரையும் ஒரு சொல் தடுமாற வைக்கும். ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்பதில் வரும் வினை அது. பி, ஏ, ஆர், எல், ஈ, என், டி என்று ஏழு எழுத்து. கண் பார்த்ததை வாய் ‘பார்லெண்ட்’ என்று சொல்லிவிடும். ஆசிரியர் ‘பார்ல்’ என்று திருத்துவார். கடைசி மூன்று எழுத்து எங்கே போயிற்று என்று கேட்டால் ‘அது சைலண்ட்’ என்பார். மாணவரும் நோட்டில் குறித்துக்கொள்வார். அடுத்த வாரம் ‘அடிக்கடி’ என்று பொருள்படும் ஒரு சொல் வரும். அதற்கும் ஈறு அதே ஈ, என், டிதான். ஆனால் அங்கே அது மூக்கொலியாகத் தெளிவாக ஒலிக்கும். நோட்டில் எழுதிவைத்த குறிப்பு அந்த இடத்தில் கைகொடுக்காது.

கொச்சிப் பகுதியின் திருப்பூணித்துறையிலும் மட்டாஞ்சேரியிலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழியோடு வளர்கிறவர்கள் அவர்கள். நான்காவதாகப் பிரெஞ்சு வருகிறது. கேரளத்து மேல்நிலைப் பள்ளிகளின் இரண்டாம் மொழிப் பட்டியலில் பிரெஞ்சும் உண்டு. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் மதிப்பெண்ணை எண்ணிப் பிரெஞ்சு எடுப்பது நெடுங்கால வழக்கம். கனடாவுக்குக் குடிபெயர நினைக்கும் இளைஞர்களும் இப்போது படிக்கிறார்கள். அந்நாட்டின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சுப் புலமைக்குத் தனி மதிப்பு உண்டு. அதற்கான டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா தேர்வுகளில் வாசிப்பும் எழுத்தும் மட்டும் போதாது. கேட்டுப் புரிந்துகொள்வதும் பேசுவதும் சம அளவில் சோதிக்கப்படுகின்றன. பள்ளியில் கான்ஜுகேஷன் அட்டவணையைப் பிழையில்லாமல் எழுதியவர்கள் அங்கே போய்த் திணறுவது இதனால்தான்.

நாம் சொல்ல வருவது ஒன்றே. பிரெஞ்சு வினையை முதலில் அசையாகக் காதில் வாங்க வேண்டும், பிறகுதான் எழுத்தாகக் கண்ணில் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய இலக்கண அறிவு, தமிழும் மலையாளமும் தெரிந்த பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் எடுத்துக் காட்டாததுதான் குறை.

தமிழ் எழுத்தில் பிரெஞ்சு ஒலியைக் காட்டச் சில உடன்பாடுகள் வேண்டும். பிரெஞ்சு ஜே எழுத்தின் ஒலியைத் தமிழ் இலக்கிய உலகம் ‘ழ’ என்று எழுதுகிறது. ழாக் ப்ரெவெர் என்ற கவிஞரின் பெயரை அப்படித்தான் பார்த்திருக்கிறோம். அதையே இங்கும் பின்பற்றுகிறோம். குரல் அதிர வரும் ஸகரத்தை ‘ஃஜ’ என்றும், மூக்கொலி ஏறிய உயிரை ‘(ன்)’ சேர்த்தும் குறிக்கிறோம். அடைப்புக்குள் இருக்கும் னகரத்தை நாக்கால் தொட்டுச் சொல்லக் கூடாது. மூக்கோடு நிறுத்திவிட வேண்டும்.

தாளில் ஒரு பிரிப்பு, வாயில் ஒரு பிரிப்பு

பிரெஞ்சில் அசை பிரிப்பதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று அச்சுக்கானது. வரியின் முடிவில் சொல்லை எங்கே ஒடித்துச் சிறுகோடு போடலாம் என்பதை அது சொல்லும். மற்றது வாய்க்கானது. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

வாய்க்கான விதிகள் எளியவை. எத்தனை உயிரொலியோ அத்தனை அசை. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின்னால் வரும் உயிரோடு சேரும். இரண்டு மெய் வந்தால் முன்னது முன்னசையோடும் பின்னது பின்னசையோடும் போகும். ‘நாங்கள் பேசுகிறோம்’ என்பதற்கான வினை ‘பார்-லோ(ன்)’ என்று பிரிவது அப்படித்தான். இரண்டாவது மெய் லகரமாகவோ ரகரமாகவோ இருந்து, முன்னுள்ள மெய்யோடு ப்ர, ப்ள, த்ர போன்ற கூட்டு அமைந்தால் இரண்டும் பிரியாமல் பின்னசைக்குப் போகும். ‘காட்டுகிறோம்’ என்பது ‘மோ(ன்)-த்ரோ(ன்)’. நடுவில் ஓர் இகரத்தையோ உகரத்தையோ நுழைத்து ‘மோந்திரோ(ன்)’ என்று சொன்னால் அசை ஒன்று கூடிவிடும்.

அச்சு விதி வேறு. இரட்டை மெய்யை அது நடுவே பிளக்கும். ‘முடிக்கிறோம்’ என்ற வினையில் இரண்டு எஸ் உண்டு. வரி ஒடியும்போது ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போகும். வாயில் அங்கே இரட்டிப்பே கிடையாது. ‘ஃபி-னி-ஸோ(ன்)’ என்று ஒற்றை ஸகரம்தான். இரண்டு எஸ் எழுதுவது, அது அதிராத ஸகரம் என்று காட்டத்தான். ஒரே எஸ் இரண்டு உயிருக்கு நடுவே நின்றால் அதிரும்: ‘வாசிக்கிறோம்’ என்பது ‘லி-ஃஜோ(ன்)’. தமிழ்ப் பிள்ளை ‘ஃபினிஸ்ஸோ(ன்)’ என்று அழுத்துவது, நம் மொழியில் இரட்டித்த மெய் உண்மையாகவே நீண்டு ஒலிப்பதால் வரும் பழக்கம்.

அந்தப் பழக்கம் உதவுகிற இடமும் ஒன்று இருக்கிறது. ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்பது ‘கூ-ரெ’. ‘ஓடுவான், நிலைமை அனுமதித்தால்’ என்ற பொருளில் வருவது ‘கூர்-ரெ’. முன்னதில் ஓர் ஆர், பின்னதில் இரண்டு. இங்கே இரட்டிப்பு உண்மையாகவே காதில் விழ வேண்டும். இல்லாவிட்டால் காலமும் பொருளும் மாறிவிடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. ‘படு’, ‘பட்டு’ என்று சொல்லி வளர்ந்தவருக்குச் சிரமமே இல்லை.

நம் யாப்பிலக்கண அசையைப் பிரெஞ்சு அசையோடு அப்படியே வைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிரையசையில் ‘பட’ என்ற இரண்டு குறில் சேர்ந்து ஓரசை. பிரெஞ்சுக் கணக்கில் அது இரண்டு. நேர், நிரை என்று அலகிடாமல், உயிரொலிகளை மட்டும் எண்ண வேண்டும். அரசு சமஸ்கிருதக் கல்லூரியும் ஆர்.எல்.வி. இசை, நுண்கலைக் கல்லூரியும் இருக்கிற திருப்பூணித்துறையில், லகு குரு எண்ணவும் தாளத்துக்குச் சொல் பிரிக்கவும் தெரிந்த செவிகளுக்குப் பஞ்சமில்லை. அந்தச் செவியைத்தான் பிரெஞ்சு வகுப்புக்குள் கொண்டுபோகச் சொல்கிறோம்.

அட்டவணையைக் காதால் படித்தால்

‘பேசு’ என்ற வினையின் நிகழ்கால அட்டவணையைப் பார்ப்போம். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆறு கட்டம். ‘நான்’, ‘அவன்’ இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. ஆக, எழுதும் வடிவம் ஐந்து. காதில் கேட்பது மூன்றுதான். நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் ‘பார்ல்’ என்ற ஓரசை. நாங்கள் என்றால் ‘பார்-லோ(ன்)’. நீங்கள் என்றால் ‘பார்-லே’. பேச்சு வழக்கில் ‘நாங்கள்’ என்பதற்குப் பதிலாக ‘ஓ(ன்)’ என்ற பொதுப் பெயரை வைத்து ‘ஓ(ன்) பார்ல்’ என்றும் சொல்வார்கள். அப்போது ‘நீங்கள்’ மட்டுமே வேறுபட்டு ஒலிக்கும்.

பிரெஞ்சு வினைகளில் மிகப் பெரும்பாலானவை இந்த முதல் வகுப்பைச் சேர்ந்தவை. ஆகவே இது ஒன்று பிடிபட்டால் மொழியின் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். இறந்தகாலத் தொடர்வினையிலும் கதை இதுவே. நான், நீ, அவன், அவர்கள் நான்கும் ‘பார்-லெ’. ‘அவர்கள்’ என்ற வடிவத்தின் ஈற்றில் ஐந்தெழுத்து வரிசையாக நின்றாலும் ஒலி ஒரே ஓர் எகரம்.

அப்படியானால் ஒருமையும் பன்மையும் எப்படித் தெரியும்? மற்ற இரண்டு வகுப்பு வினைகளில் பிரெஞ்சு இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கிறது. ஒருமையில் மறைந்திருக்கும் மெய் பன்மையில் வெளியே வரும். ‘முடிக்கிறான்’ ஃபி-னி, ‘முடிக்கிறார்கள்’ ஃபி-னிஸ். ‘புறப்படுகிறான்’ பார்; ‘புறப்படுகிறார்கள்’ பார்த். ‘தூங்குகிறான்’ தோர், ‘தூங்குகிறார்கள்’ தோர்ம். ‘வைக்கிறான்’ மெ, ‘வைக்கிறார்கள்’ மெத். ‘விற்கிறான்’ வா(ன்), ‘விற்கிறார்கள்’ வா(ன்)த் என்று தகரம் அதிர்ந்து ஒலிக்கும். ‘வருகிறான்’ என்பதில் ‘வியெ(ன்)’ என்று மூக்கோடு நின்ற ஒலி, பன்மையில் ‘வியென்’ என்று நாக்குத் தொடும் முழு னகரமாகும்.

பன்மை ஈற்றில் இருக்கும் ஈ என்ற எழுத்தின் வேலை இப்போது விளங்கும். அது தானாக ஒலிப்பதில்லை. தனக்கு முன்னே உள்ள மெய்யை ஒலிக்க வைக்கிறது. அதனால்தான் ‘சைலண்ட்’ என்ற ஒற்றைச் சொல் போதாது என்கிறோம். ‘பன்மை வினையின் ஈற்றில் ஈ, என், டி வந்தால் அவற்றை விட்டுவிட்டு முன்னுள்ள மெய்யை முழுதாகச் சொல்’ என்பதே மாணவருக்கு வேண்டிய விதி. பெயர்ச்சொல்லுக்கும் உரிச்சொல்லுக்கும் இந்த விதி பொருந்தாது. ‘பிரசிடெண்ட்’ என்று நாம் சொல்லும் அதே எழுத்துக்கள் பிரெஞ்சில் பெயராக வந்தால் ‘ப்ரே-ஃஜி-தா(ன்)’ என்று மூன்றசை. ‘தலைமை வகிக்கிறார்கள்’ என்ற வினையாக வந்தால் ‘ப்ரே-ஃஜித்’ என்று இரண்டே அசை. கன்னிமாடத்தைக் குறிக்கும் ‘கூ-வா(ன்)’, ‘அடைகாக்கின்றன’ என்ற பொருளில் ‘கூவ்’ ஆகும். எழுத்தில் ஒரு புள்ளிகூட வேறுபாடு இல்லை. எது வினை, எது பெயர் என்று வாக்கியத்தில் கண்டுகொண்டவரே சரியாகப் படிக்க முடியும். படிப்பதற்கு முன்பே இலக்கணம் வேலை செய்கிறது.

தமிழ் வைத்திருப்பது, மலையாளம் விட்டது

இந்த இடத்தில்தான் கொச்சித் தமிழ்ப் பிள்ளைக்கு வேறு யாருக்கும் இல்லாத வசதி ஒன்று கிடைக்கிறது.

தமிழ் வினை தன் ஈற்றிலேயே ஆளைச் சொல்லிவிடும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறோம், பேசுகிறார்கள். எனவே ‘நான்’, ‘நீ’ என்று முன்னால் சொல்லாமல் விட்டாலும் பொருள் கெடாது. மலையாளத்தில் ஞான் போகுன்னு, நீ போகுன்னு, அவர் போகுன்னு. வினை அசையாமல் ஒரே வடிவில் நிற்கிறது. முன்னால் வரும் பெயர்தான் ஆளைக் காட்டுகிறது. 1896-ல் முதலில் வெளிவந்து 1917-ல் திருத்திய பதிப்பு கண்ட ‘கேரள பாணினீயம்’ என்ற இலக்கண நூலில், ஏ.ஆர். ராஜராஜ வர்மா தமிழிலிருந்து மலையாளத்தை வேறுபடுத்தும் ஆறு நயங்களை வகுத்தார். அவற்றில் ஒன்றுக்கு ‘புருஷபேத நிராசம்’ என்று பெயர். தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற வேறுபாட்டை வினை கைவிட்டதை அது குறிக்கிறது. பழைய மலையாளப் பாட்டுகளில் அந்த ஈறுகள் இருந்தன, வழக்கில் உதிர்ந்துவிட்டன.

பிரெஞ்சுக்கும் இதே நடந்தது. அதன் தாயாகிய லத்தீன் தமிழைப் போல ஈற்றில் ஆளைச் சொன்ன மொழி. பழைய பிரெஞ்சிலும் ஈறுகள் ஒலித்தன. அப்போது ‘நான்’, ‘அவன்’ போன்ற பெயர்களை விட்டுவிட்டும் பேசலாம். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல ஈறுகள் வாயிலிருந்து உதிர்ந்தன. பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. எழுத்து மட்டும் பழைய ஈறுகளைக் காத்துவைத்துக்கொண்டது.

ஆகவே பிரெஞ்சு வினையின் எழுத்து தமிழின் ஒழுங்கில் இருக்கிறது. பேச்சு பெரும்பாலும் மலையாளத்தின் ஒழுங்கில் நடக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொண்ட மாணவருக்கு அட்டவணை அச்சம் தராது. எழுதும்போது தமிழனாக ஒவ்வோர் ஆளுக்கும் உரிய ஈற்றை இட வேண்டும். பேசும்போது மலையாளியாகப் பெயரை விடாமல் சொல்லி வினையை ஒரே வடிவில் நிறுத்த வேண்டும். ‘பார்ல்’ என்று மட்டும் சொன்னால் யார் பேசுவது என்று தெரியாது. ‘ழெ பார்ல்’ என்றால் நான். ‘இல் பார்ல்’ என்றால் அவன் அல்லது அவர்கள்.

தன்மைப் பன்மையில் இன்னொரு வசதி. ‘போறோம்’ என்று நாம் பேச்சில் சொல்லும்போது ஈற்று மகரத்தை உதடு மூடிச் சொல்வதில்லை. ஓகாரத்தை மூக்கில் ஏற்றி விட்டுவிடுகிறோம். பிரெஞ்சின் ‘பார்-லோ(ன்)’ முடிவதும் ஏறக்குறைய அதே ஒலியில்தான். இரண்டு மொழிக்கும் உறவு இல்லை. இது தற்செயலான பொருத்தம். இருந்தாலும் வகுப்பில் பயன்படும். வெள்ளைக்காரரைப் போல மூக்கால் பேசச் சொன்னால் கூச்சப்படுகிற பிள்ளையிடம், ‘போறோம்’ என்று வீட்டில் சொல்வதைப் போலச் சொல் என்றால் போதும்.

அரை மாத்திரை உகரமும் பிரெஞ்சு ஈகார எழுத்தும்

‘பார்ல்’ என்பதன் ஈற்றில் எழுதப்படும் ஈ உண்மையில் முழு ஊமையும் அல்ல. தென் பிரான்சில் அதை ‘பார்-லெ’ போல மெல்ல ஒலிக்கிறார்கள். பாட்டில் அது ஓர் அசையாக நீளும். பன்னிரண்டு அசை கொண்ட அலெக்சாந்த்ரேன் என்ற செய்யுளடியில், அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் இந்த ஈ ஓரசையாக எண்ணப்படும். உயிரில் தொடங்கினால் எண்ணப்படாமல் மறையும். அடியின் இறுதியில் வந்தால் கணக்கில் சேராது. நாடக ஆசிரியர்களான ரசீனும் மொலியேரும் இந்தக் கணக்கில்தான் எழுதினார்கள்.

தமிழ் படித்தவர் இதைக் கேட்டதும் குற்றியலுகரத்தை நினைக்காமல் இருக்க முடியாது. ‘காடு’, ‘பாக்கு’, ‘அரசு’ என்பவற்றின் ஈற்று உகரம் ஒரு மாத்திரையில் குறைந்து அரை மாத்திரையாக ஒலிக்கும். அடுத்து உயிர் வந்தால் அது விலகிவிடும்: காடு, இல்லை சேர்ந்தால் காடில்லை. ‘நான் ஆங்கிலம் பேசுகிறேன்’ என்ற பிரெஞ்சு வாக்கியமும் அப்படியே. ‘பார்ல்’ என்பதன் ஈ விலக, லகரம் அடுத்த உயிரில் ஏறி ‘பார்-லா(ன்)-க்ளெ’ ஆகிறது. ஒலியின் தன்மை வேறு, பிறப்பு வேறு; ஆனால் செயல்படும் விதத்தில் இரண்டும் நெருங்கியவை. மலையாளத்தின் சம்விருதோகாரம் ஒலியளவிலும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்த ஈயின் போக்கு வினையின் எழுத்தையே மாற்றுவதும் உண்டு. ‘வாங்குகிறேன்’ என்பது ‘ழா-ஷெத்’. ஷகரத்துக்குப் பின் வரும் எகரம் தகரத்தால் மூடப்பட்ட அசையில் இருக்கிறது. அதனால் வாய் திறந்து தெளிவாக ஒலிக்கிறது, தலையில் ஒரு சாய்கோடும் பெறுகிறது. ‘வாங்குகிறோம்’ என்றால் தகரம் அடுத்த அசைக்குப் போய்விடுகிறது. இப்போது அந்த ஈ மூடிய அசையில் இல்லை, நலிந்து மறைகிறது. ‘நூ-ஃஜாஷ்-தோ(ன்)’. கோடும் போய்விடுகிறது. ‘அழைக்கிறேன்’ என்பதில் இரண்டு எல், ‘அழைக்கிறோம்’ என்பதில் ஓர் எல் என்று இருப்பதற்கும் இதுவே காரணம். ‘விரும்புகிறேன்’ என்பது ‘ப்ரே-ஃபெர்’, ‘விரும்புகிறோம்’ என்பது ‘ப்ரே-ஃபே-ரோ(ன்)’. மூடிய அசையில் திறந்த எகரம், திறந்த அசையில் ஒடுங்கிய ஏகாரம். மாணவர்கள் இவற்றை விதிவிலக்குகள் என்று தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். அசையைப் பிரித்துச் சொல்லிப் பார்த்தால் அத்தனையும் ஒரே விதி. 1990 டிசம்பர் 6 அன்று பிரெஞ்சு அரசிதழில் வெளியான எழுத்துத் திருத்தங்கள், ‘விரும்பு’ போன்ற வினைகளின் எதிர்காலத்திலும் ஒலிப்புக்கு ஏற்றபடி கோட்டின் திசையை மாற்றி எழுத இடம் கொடுத்தன. எழுத்தும் அசையைப் பின்தொடர முயல்கிறது என்பதற்கு அது சான்று.

சொல்லோடு சொல் சேரும்போது

பிரெஞ்சில் அசை, சொல்லின் எல்லையோடு நிற்பதில்லை. ‘அவன் நேசிக்கிறான்’ என்பதில் ‘இல்’ என்ற பெயரின் லகரம் வினையின் எகரத்தில் ஏறி ‘இ-லெம்’ ஆகும். மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவது இயல்பு என்று நன்னூல் சொன்னது நமக்குத் தெரியும். ‘அவன் எங்கே’ என்பதை ‘அவனெங்கே’ என்று சேர்த்தே பேசுகிறோம். தமிழ் மாணவர் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் வழியே பிரெஞ்சைப் படிப்பதால் ஒவ்வொரு சொல்லையும் தனியே வெட்டிப் பேசும் பழக்கம் வந்துவிடுகிறது. அதை விட்டால் போதும்.

‘அவர்கள் நேசிக்கிறார்கள்’ என்பதில் பெயருக்குப் பின்னால் ஓர் எஸ் எழுதப்படும். மெய்க்கு முன் அது ஒலிக்காது. உயிருக்கு முன் அதிரும் ஸகரமாக விழித்துக்கொள்ளும்: ‘இல்-ஃஜெம்’. முதல் வகுப்பு வினையில் ஒருமை, பன்மை வேறுபாடு காதுக்குத் தெரியும் அரிய இடம் இது. பன்மை, ஈற்றில் தெரியாமல் வினையின் முதலில் தெரிகிறது. இதற்கு லியேஃஜோ(ன்) என்று பெயர்.

சில இடங்களில் இல்லாத மெய்யே வந்து நிற்கும். ‘பேசுகிறானா?’ என்று வினையை முன்னே வைத்துக் கேட்கும்போது, வினையும் பெயரும் உயிரோடு உயிராக மோதும். நடுவே ஒரு தகரத்தை இட்டு ‘பார்-லெ-தில்’ என்கிறார்கள். எழுத்திலும் இரண்டு சிறுகோட்டுக்கு நடுவே அந்த டி தனியே நிற்கும். தமிழில் யகரமும் வகரமும் உடம்படுமெய்யாக வந்து ‘மணியடித்தது’, ‘பூவழகு’ என்று இரண்டு உயிரையும் இணைப்பதைப் போன்றதே இது. ‘போ’ என்ற ஏவலுக்கு எஸ் கிடையாது. ‘அங்கே போ’ என்னும்போது ‘வா-ஃஜி’ என்று ஓர் எஸ் வந்து சேரும். ‘பேசுகிறார்களா?’ என்று பன்மையில் கேட்டாலும் ஒலி அதே ‘பார்-லெ-தில்’தான். ஆனால் அங்கே டி புதிதாக வந்ததில்லை. ஈ, என், டி என்ற ஈற்றில் அதுவரை பேசாமல் இருந்த டி. இறந்துவிட்டதாக நினைத்த எழுத்து சமயம் வரும்போது ஒலிக்கிறது. எழுத்தைக் கைவிடாமல் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருப்பதற்கு இப்படியும் பயன் உண்டு.

எங்கே சறுக்குகிறோம்

நம் பலம் இவ்வளவு இருக்க, பலவீனமும் சில உண்டு. முதலாவது, தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் க, ட, த, ப முதலியவற்றில் முடியும் அயற்சொல்லுக்கு உகரம் சேர்க்கிறோம். பேச்சில் மற்ற மெய்க்கும் உகரம் கூட்டிப் பஸ்ஸு, காரு என்ற வாய் ‘மெத்’ என்பதை ‘மெத்து’ என்றும் ‘பார்ல்’ என்பதைப் ‘பார்லு’ என்றும் சொல்லும். ஓரசைச் சொல் ஈரசை ஆகிவிடும். உதட்டைக் குவிக்காமல் மெய்யைத் தெளிவாக விட்டுப் பழக வேண்டும்.

இரண்டாவது, ஸகரத்துக்கும் அதிரும் ஸகரத்துக்கும் தமிழிலும் மலையாளத்திலும் பொருள் வேறுபாடு கிடையாது. பிரெஞ்சில் அது உயிர்நாடி. ‘இல்-ஸோ(ன்)’ என்றால் ‘அவர்கள் இருக்கிறார்கள்’. ‘இல்-ஃஜோ(ன்)’ என்றால் ‘அவர்களிடம் இருக்கிறது’. மொழியில் மிக அதிகம் புழங்கும் இரண்டு வினைகள் இந்த ஒற்றை அதிர்வால்தான் பிரிகின்றன. தொண்டையில் விரலை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லிப் பழகுவது நல்ல பயிற்சி.

மூன்றாவது, பிரெஞ்சுச் சொல்லுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பு எழுதிவைத்துக்கொள்வது. நாமும் இந்தக் கட்டுரையில் அதையே செய்திருக்கிறோம். விளக்கத்துக்கு அது போதும், பயிற்சிக்குப் போதாது. இருந்தாலும் தமிழ்ச் செவி பிரெஞ்சை எழுத்துக்கு அடிமைப்படாமல் பிடித்த வரலாறு நீளமானது. 1736-ல் தொடங்கும் தம் நாட்குறிப்பில் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை ‘முசியே’ என்று காதில் விழுந்தபடியே எழுதினார். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த ‘அந்நியன்’ நாவலின் ஆசிரியரை ‘ஆல்பெர் காம்யு’ என்று டி-யும் எஸ்-உம் இல்லாமல் அச்சிட்டதைத் தமிழ் வாசகர் ஏற்றுக்கொண்டார்கள். பெயர்ச்சொல்லில் வந்த இந்தத் தெளிவு வினைச்சொல்லுக்கும் வர வேண்டும்.

வகுப்பில் செய்ய வேண்டியது

பிரெஞ்சு இந்தக் கடற்கரைக்கு அந்நியமான மொழியும் அல்ல. கேரளக் கரையிலேயே மய்யழி என்ற மாஹி இருக்கிறது. 1954 ஜூலை வரை அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும் வரை மாஹி உள்ளிட்ட முன்னாள் பிரெஞ்சுப் பகுதிகளில் பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. புதுச்சேரியில் 1826-ல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடக்கிறது. தமிழரும் மலையாளியும் பிரெஞ்சைப் பேசிப் பழகிய அனுபவம் நம் மண்ணிலேயே இருக்கும்போது, அதை ஆங்கிலத்தின் தோள்மேல் ஏறி எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் அட்டவணையை இரண்டு பத்தியாகப் போடலாம். இடப்பக்கம் ஒலி, வலப்பக்கம் எழுத்து. முதல் இரண்டு வாரம் வலப்பக்கத்தை மூடிவைத்து இடப்பக்கத்தை மட்டும் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பழக்கலாம். மூன்றே ஒலி என்று காது ஏற்றுக்கொண்ட பிறகு, ஐந்து எழுத்து வடிவத்தைத் திறந்து ஒவ்வொன்றும் எந்த ஆளுக்கு என்று சொல்லலாம். ஒரு வினையைக் கற்பிக்கும்போதே அதை மெய்யில் தொடங்கும் சொல்லோடும் உயிரில் தொடங்கும் சொல்லோடும் சேர்த்துச் சொல்ல வைக்கலாம். குற்றியலுகரம், உடம்படுமெய் என்ற பெயர்களைத் தமிழ் வகுப்பிலிருந்து தயங்காமல் இங்கே கொண்டுவரலாம்.

தேர்வு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அட்டவணையை நிரப்புவதற்கு மதிப்பெண் தருவது போல, பத்து வாக்கியத்தைச் சத்தமாகப் படிப்பதற்கும் பத்து வாக்கியத்தைக் கேட்டு எழுதுவதற்கும் மதிப்பெண் தாருங்கள். கேட்டு எழுதுவது பிரெஞ்சுப் பள்ளிகளின் பழைய பயிற்சி; ஒரே ஒலிக்குப் பல எழுத்து வடிவம் இருக்கும் மொழியில் இலக்கண அறிவைச் சோதிக்க அதைவிட நேர்மையான வழி இல்லை. ‘பார்ல்’ என்று ஒலித்ததும் எந்த ஈற்றை எழுதுவது என்று மாணவர் வாக்கியத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். செவியும் இலக்கணமும் கையும் அந்த ஒரு கணத்தில் ஒன்றாக வேலை செய்யும். மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைக்கு, மதிப்பெண்ணோடு ஒரு மொழியும் கிடைக்க அதுவே வழி.